கொடையிட வலி: எலும்பு ஒட்டு அறுவையின் மறுபக்க வரலாறு

உடலின் ஓரிடத்திலிருந்து எலும்பை எடுத்து, கூடாத முறிவிலோ குறைபட்ட இடத்திலோ வைப்பது எலும்பு ஒட்டு அறுவை எனப்படும். எலும்பு வைக்கப்படும் இடம் ஏற்பிடம். எடுக்கப்படும் இடம் கொடையிடம். எடுத்த இடத்தில் அறுவைக்குப் பின் தோன்றி, சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும் வலியே கொடையிட வலி. பெரும்பாலான அறுவைகளில் கொடையிடம் இடுப்பெலும்பின் மேல்முகடாக இருக்கும். பாவாடை நாடாவும் அரைஞாணும் உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டையும் பதியும் மேடு அதுதான்.

திருப்பூருக்குத் தெற்கே தாராபுரம் சாலையில் உள்ள அவிநாசிபாளையத்தில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. ஒன்று கோவையிலிருந்து பல்லடம், காங்கேயம், கரூர் வழியாகத் திருச்சி செல்லும் 81ஆம் எண் சாலை. மற்றொன்று அவிநாசியில் தொடங்கித் திருப்பூர் நகரத்தைக் கடந்து இங்கே முடியும் 381ஆம் எண் சாலை. நூல் மூட்டை ஏற்றிய லாரி, பனியன் கம்பெனி வேன், ஷிப்ட் முடிந்து திரும்பும் இருசக்கர வண்டி என எல்லாம் ஒரே சாலையில் ஓடும் இத்தகைய ஊர்களில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவரைத் தெரியாதவர் குறைவு. அவர்களில் சிலருக்கு எலும்பு கூடாமல் போக, "இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று வீட்டார் சொல்வதைக் கேட்கலாம். கால் எப்படி இருக்கிறது என்று எல்லாரும் விசாரிப்பார்கள். இடுப்பைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. மருத்துவ நூல்களிலும் நெடுங்காலம் இதே நிலைதான் இருந்தது.

தொடக்கக் காலம்

எலும்பு ஒட்டின் வரலாற்றை ஆம்ஸ்டர்டாம் நகர மருத்துவர் யோப் வான் மீக்கரெனிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவர் இறந்தபின் 1668இல் வெளியான நூலில், ரஷ்யப் படைவீரர் ஒருவரின் மண்டையோட்டுக் குறையை நாயின் எலும்பால் அடைத்த செய்தி வருகிறது. திருச்சபை அதை ஏற்கவில்லை என்றும், அந்த எலும்பை அகற்ற வேண்டியதாயிற்று என்றும் கதை தொடர்கிறது. மீக்கரென் தாமே செய்ததல்ல, பிறர் சொல்லக் கேட்டு எழுதியது என்பதால் இதை ஓர் அளவோடுதான் நம்ப வேண்டும்.

உறுதியான பதிவு 1880ஐ ஒட்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கிடைக்கிறது. வில்லியம் மெக்கீவன், சீழ் நோயால் மேற்கை எலும்பின் தண்டை இழந்த ஒரு சிறுவனுக்கு, பிற குழந்தைகளின் கால் எலும்புத் துண்டுகளைப் படிப்படியாக வைத்துக் கையை மீட்டார். அக்குழந்தைகள் ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்தவர்கள். வளைவை நிமிர்த்தும்போது எப்படியும் வெட்டி எறியப்பட வேண்டிய ஆப்புகளைத்தான் மெக்கீவன் பயன்படுத்தினார். இந்த ஒட்டுக்காக யார் உடலிலும் தனியாக ஒரு புண் உண்டாக்கப்படவில்லை. கொடையிடம் என்ற சிக்கலே இல்லாத அறுவை அது.

தன் உடலிலிருந்தே எடுக்கும் எலும்பு சிறந்தது என்ற முடிவுக்கு அடுத்த தலைமுறையினர் வந்தனர். அதற்குக் காரணங்கள் வலுவானவை. சொந்த எலும்பை உடல் ஒதுக்குவதில்லை. அதில் உயிருள்ள செல்கள் உண்டு, புது எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் உண்டு, ஏறிப் படர்வதற்கான சட்டகமும் உண்டு. வைத்த எலும்பின் பெரும்பகுதி மெல்ல இறந்து, அதன்மேல் புதிய எலும்பு ஊர்ந்து இடம்பிடிக்கிறது என்பதை ஜெர்மனியில் பார்த்தும் அமெரிக்காவில் பெமிஸ்டரும் விளக்கினர். விலையும் இல்லை. இவ்வளவு நன்மைகள் ஒன்றுசேர்ந்ததால் எடுத்த இடத்தின் வலி கணக்கில் ஏறவில்லை.

காலிலிருந்து இடுப்புக்கு

1911இல் நியூயார்க் நகரில் இரண்டு மருத்துவர்கள் ஒரே நோய்க்கு இரண்டு வழிகளைக் காட்டினர். நோய் முதுகெலும்புக் காசநோய். அரிக்கப்பட்ட முள்ளெலும்புகள் இடிந்து கூன் விழுவதைத் தடுக்க, அவற்றை ஒன்றாக இணைத்துவிடுவது இருவரின் நோக்கம். ரசல் ஹிப்ஸ், முதுகிலுள்ள முள்ளெலும்புகளிலிருந்தே சிறு சீவல்களைப் பெயர்த்து மடக்கிப் பாலம் கட்டினார். பிரெட் ஆல்பி, கீழ்க்காலின் முன்னெலும்பிலிருந்து நீண்ட பட்டையை அறுத்தெடுத்து, பிளந்த முதுகு முட்களுக்கு நடுவே பதித்தார். முதல் வழியில் நோயாளிக்கு ஒரு காயம், இரண்டாவதில் இரண்டு.

ஆல்பி, சிறுவயதில் தாத்தாவிடம் பழமரங்களுக்கு ஒட்டுக் கட்டக் கற்றவர். தச்சுப் பட்டறையை நினைவூட்டும் இரட்டை அலகு மின்ரம்பத்தை வடிவமைத்து, எடுக்கும் பட்டையும் வைக்கும் குழியும் ஒரே அளவில் அமையும்படி செய்தார். 1915இல் எலும்பு ஒட்டு அறுவை பற்றித் தனி நூலே எழுதினார். முதல் உலகப்போரில் குண்டடிபட்டு எலும்பிழந்த படைவீரர்களின் சிகிச்சை இந்த முறையைப் பரவலாக்கியது. தமிழில் மாங்கன்றுக்கும் எலும்புக்கும் 'ஒட்டு' என்ற ஒரே சொல் வழங்குவது இங்கே பொருத்தமாக இருக்கிறது. ஒட்டு பிடித்ததா என்று புதுக் கன்றைப் பார்ப்பவர்கள் கிளை வெட்டிய தாய்மரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கீழ்க்கால் எலும்பு கொடையிடமாக இருந்தபோது தெளிவாகத் தெரிந்த கேடு ஒன்று இருந்தது. பட்டை அறுத்த இடத்தில் எலும்பு வலுவிழந்து, பின்னர் அங்கேயே முறியலாம். முதுகை நிமிர்த்தப் போய்க் கால் முறிந்த நோயாளியை மருத்துவர் எளிதில் மறக்க முடியாது. 1930களில் ஸ்விட்சர்லாந்தின் ஹெர்மன் மாட்டி, கெட்டியான புற எலும்பைவிடக் கடற்பஞ்சு போன்ற உள்ளெலும்பே வேகமாகக் கூடுகிறது என்று வலியுறுத்தினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நியூசிலாந்தில் பிறந்த ரெயின்ஸ்போர்டு மோலெம், உள்ளெலும்புத் துணுக்குகளால் கண்ட வெற்றியை 1944இல் லான்செட் இதழில் எழுதினார். அத்தகைய எலும்பு நிறையக் கிடைக்கும் இடம் இடுப்பு. தோலுக்கு அருகிலேயே இருப்பது, எடுத்தாலும் நடக்க முடிவது, வடு ஆடைக்குள் மறைந்துவிடுவது ஆகியவை அதன் வசதிகள். வடு மறைந்ததால் வலியும் பேச்சிலிருந்து மறைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் இடுப்பு முகடு வெறும் எலும்புக் கிடங்கு அன்று. அதன் முன்முனைக்கு அருகே தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு இறங்குகிறது. அது நசுங்கினாலோ அறுபட்டாலோ தொடையில் எரிச்சலும் மரத்துப்போதலும் நிலைக்கும். பின்பக்கத்தில், முகட்டின் பின்முனையிலிருந்து ஏறத்தாழ 8 செ.மீ. தள்ளிப் பிட்டத் தோலுக்கான நரம்புகள் முகட்டைத் தாண்டுகின்றன. அந்த எல்லையைக் கடந்து கீறினால் அவை அறுபடும். வயிற்றுத் தசைகள் மேலிருந்தும் பிட்டத் தசைகள் கீழிருந்தும் இம்முகட்டைப் பற்றியிருப்பதால், எலும்பெடுக்க அவற்றை உரித்தபின் எழுவது, படியேறுவது, புரண்டு படுப்பது ஒவ்வொன்றும் அங்கே இழுக்கும். முன்முனையை ஒட்டி ஆழமாக வெட்டினால் அந்த முனையே பிய்ந்து முறிவதும் உண்டு. பெரிய துண்டு எடுத்த இடைவெளி வழியே குடல் பிதுங்கிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன.

சென்னைச் சோதனை

எலும்பு ஒட்டு உண்மையில் தேவைதானா என்ற கேள்விக்கு உலகம் கவனித்த விடைகளில் ஒன்று சென்னையிலிருந்து சென்றது.

1950களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும், முதுகெலும்புக் காசநோய்க்கு முன்பக்கமாகச் சென்று, நோயுற்ற பகுதி முழுவதையும் அகற்றி, குழியில் விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ முட்டுக்கொடுக்கும் அறுவையைச் செய்தனர். 'ஹாங்காங் அறுவை' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அதே காலத்தில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. மருந்தே நோயை அடக்குமானால், மார்பைத் திறந்து இடுப்பையும் கீறும் அறுவை எதற்கு? இதை ஆராயப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு கொரியா, ரொடீசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தியது. ஹாங்காங் முடிவுகள் அறுவைக்குச் சாதகமாக இருந்தன: ஒட்டு வைத்தவர்களுக்கு எலும்புகள் விரைவாக இணைந்தன, கூனும் குறைவாக விழுந்தது. அனுபவம் மிக்க மருத்துவக் குழுவின் கையில் கிடைத்த முடிவு அது.

சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் காட்டியதால் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. சானடோரியப் படுக்கை கட்டாயமில்லை என்று நிறுவிய அந்த மையம், 1970களில் அதே கேள்வியை முதுகெலும்பு பற்றி எழுப்பியது. சென்னை எலும்பியல் மருத்துவர்களுடன் சேர்ந்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு ஒட்டுடன் கூடிய முழு அறுவையும் 6 மாத மருந்தும். அடுத்த பிரிவினருக்கு அறுவை இல்லாமல் 6 மாத மருந்து. மூன்றாம் பிரிவினருக்கு அறுவை இல்லாமல் 9 மாத மருந்து. மருந்து மட்டும் பெற்றவர்கள் படுக்கையில் கிடக்கவில்லை, நடமாடினார்கள்.

பத்தாண்டு கழித்துக் கிடைத்த முடிவு 1999இல் பிரிட்டிஷ் எலும்பு மூட்டு அறுவை இதழில் வெளியானது. அறுவை பெற்ற 78 பேரில் 90 விழுக்காட்டினரும், 6 மாத மருந்து மட்டும் பெற்ற 78 பேரில் 94 விழுக்காட்டினரும், 9 மாத மருந்து பெற்ற 79 பேரில் 99 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தனர். நடக்க முடியாத அளவுக்குக் கால் செயலிழந்தவர்கள் இச்சோதனையில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. அத்தகையவர்களுக்கும் கூன் கடுமையாக உள்ள சிலருக்கும் இன்றும் அறுவை தேவை. மற்றவர்களைப் பொறுத்தவரை, இரண்டாவது காயத்துக்கு இடமே இல்லாத சிகிச்சை போதுமானது என்பது உறுதியாயிற்று.

இச்சோதனைகளில் 'நல்ல நிலை' என்பதன் வரையறையையும் இங்கே கவனிக்க வேண்டும். புண்ணோ கட்டியோ இல்லாமை, தண்டுவடப் பாதிப்பு இல்லாமை, முதுகு நோயால் உடலுழைப்புக்குத் தடை இல்லாமை, எக்ஸ்ரேயில் நோய் அடங்கியிருத்தல் ஆகியவை அதன் கூறுகள். நான்கும் முதுகைப் பற்றியவை. இடுப்பு வலியால் ஒருவர் குடத்தைத் தூக்க முடியாமல் இருந்தாலும் இந்தக் கணக்கில் அவர் நல்ல நிலையில் இருப்பவரே. சென்னை ஆய்வாளர்களின் குறையாக இதைக் கருத முடியாது. அக்காலத்தில் உலகெங்கும் அறுவையின் வெற்றி ஏற்பிடத்தில் மட்டுமே அளக்கப்பட்டது.

1989இல் பின்னாளில் கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவராகப் பெயர் பெற்ற எஸ். ராஜசேகரனும் சௌந்தரபாண்டியனும் அமெரிக்க எலும்பு மூட்டு அறுவை இதழில் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தைத் திறந்தது. முன்பக்க ஒட்டு வைத்த 81 பேரைக் குறைந்தது எட்டாண்டு தொடர்ந்து பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒட்டு நழுவியோ முறிந்தோ கரைந்தோ அமிழ்ந்தோ போயிருந்தது. இரண்டு வட்டுகளின் இடைவெளியை மிஞ்சிய நீள ஒட்டுகளே அதிகம் தோற்றன. எடுத்த இடத்தில் ஒரு காயம் உண்டாக்கியும் வைத்த இடத்தில் பயன் தராத ஒட்டுகள் இத்தனை என்பது, ஒட்டு வைக்கும் முன் யோசிக்கக் கற்றுத் தந்தது.

எண்ணத் தொடங்கிய காலம்

கொடையிட வலி தனிப் பொருளாக எழுதப்பட்டதற்குக் கழுத்து அறுவை ஒரு முக்கியக் காரணம். 1950களின் பிற்பகுதியில் ஸ்மித், ராபின்சன் இருவரும், ஹவாயில் ரால்ஃப் கிளவார்டும், கழுத்தின் முன்புறமாகச் சென்று வட்டை எடுத்துவிட்டு இடுப்பெலும்புத் துண்டை வைக்கும் முறைகளை வெளியிட்டனர். கழுத்துக் காயம் சிறியது. சில நாளில் ஆறிவிடும். கைக்குப் பரவிய வலியும் போய்விடும். நோயாளி எழுந்து நடக்கும்போது இடுப்பு மட்டும் வலிக்கும். கழுத்துக்காக வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும்போது, அந்த வலி எங்கிருந்து வந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

1989இல் எட்வர்ட் யங்கரும் மைக்கேல் சாப்மனும் 239 நோயாளிகளிடம் எடுக்கப்பட்ட 243 ஒட்டுகளின் பதிவேடுகளைப் புரட்டினர். கொடையிடத்தில் பெரிய சிக்கல்கள் 8.6 விழுக்காடு, சிறியவை 20.6 விழுக்காடு. இந்த எண்கள் பின்வந்த கட்டுரைகள் பலவற்றில் மேற்கோளாயின. பதிவேட்டைப் புரட்டுவதில் ஒரு குறை உண்டு: மருத்துவர் எழுதியதுதான் அதில் இருக்கும். நோயாளி சொல்லாததும் மருத்துவர் கேட்காததும் இருக்காது. 1990களில் நோயாளிகளிடமே கேட்கத் தொடங்கியபோது விழுக்காடு ஏறியது.

2003இல் ஜெஃப் சில்பரும் குழுவினரும், ஒரே ஒரு கழுத்து வட்டுக்காக இடுப்பெலும்பு கொடுத்த 134 பேரிடம் வினாத்தாள் வழியே கேட்டறிந்தனர். அறுவை முடிந்து சராசரியாக நான்கு ஆண்டு ஆகியிருந்தது. 26.1 விழுக்காட்டினருக்கு எடுத்த இடத்தில் இன்னும் வலி இருந்தது. பத்துக்குச் சராசரியாக 3.8 அளவு. தாங்க முடியாத வலி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் 11.2 விழுக்காட்டினர் தொடர்ந்து வலி மாத்திரை எடுத்தனர், 12.7 விழுக்காட்டினர் நடப்பதில் சிரமம் என்றனர், 9.7 விழுக்காட்டினர் வேலை செய்வதில் தடை என்றனர். 15.7 விழுக்காட்டினருக்கு அவ்விடத்தில் உணர்வு மாறியிருந்தது. ஆடை உரசுவது தொல்லை என்றவர்கள் 5.2 விழுக்காடு. இப்படிப் பிரித்துக் கேட்டதுதான் இந்த ஆய்வின் சிறப்பு. 'வலி உண்டா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்வியில் ஆடையும் நடையும் வேலையும் அகப்படாது.

முன்பக்க முகட்டைவிடப் பின்பக்க முகட்டில் எடுத்தால் சிக்கல் குறைவு என்பதும் இக்காலத்தில் தெரியவந்தது. சிறிய வெட்டு, தசையை உரிக்காமல் துளையிட்டுச் சுரண்டி எடுத்தல், எடுத்த இடத்தில் மரத்துப்போக வைக்கும் மருந்தை மெல்லிய குழாய் வழியே சில நாள் செலுத்துதல் எனப் பல வழிகள் வந்தன. குழாய் மருந்து சில சோதனைகளில் நன்றாகப் பலித்தது; சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை.

வலி விளம்பரமான கதை

1965இல் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்பு நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைக்கிறது என்று சயன்ஸ் இதழில் எழுதினார். எலும்பில் ஒரு தூண்டுபொருள் இருக்கிறது என்பது அதன் பொருள். அத்தகைய புரதங்களில் ஒன்றை ஆய்வகத்தில் தயாரித்து, மெட்ரானிக் நிறுவனம் 'இன்ஃபியூஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 2002 ஜூலையில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. கீழ்முதுகு இணைப்பில் இடுப்பெலும்புக்குப் பதில் இதை வைக்கலாம், கொடையிடமே வேண்டாம். ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனையில், இடுப்பெலும்பு கொடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இரண்டாண்டுக்குப் பின்னும் அவ்விடத்தில் தொல்லை என்றதாகப் பதிவாயிற்று.

அதுவரை யாரும் பொருட்படுத்தாத வலி திடீரென மருத்துவ மாநாடுகளின் மையத்துக்கு வந்தது. சந்தை ஒன்று உருவானதும் வலியின் மதிப்பு உயர்ந்தது.

2011 ஜூனில் ஸ்பைன் ஜர்னல் இதழில் யூஜீன் கராஜியும் துணையாசிரியர்களும் இந்தப் புரதம் பற்றிய நிறுவன ஆதரவுச் சோதனைகளை மறுபரிசீலனை செய்தனர். புரதத்தின் பக்கவிளைவுகள் குறைத்துக் காட்டப்பட்டன என்பது அவர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. இடுப்பெலும்புக் கொடையிட வலியை அளந்த முறையிலும் ஒருபக்கச் சாய்வு இருந்திருக்கலாம் என்று அவர்கள் சுட்டினர். 2012 அக்டோபரில் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு வெளியிட்ட அறிக்கை இன்னும் வெளிப்படையானது. நிறுவனத்தார் ஆய்வுக் கட்டுரைகளின் வரைவில் கைவைத்தனர், இடுப்பெலும்பு எடுப்பதன் வலியை அழுத்திச் சொல்லும் வரிகளைச் சேர்த்தனர் என்று அது கூறியது. நிறுவனம் இக்குற்றச்சாட்டை மறுத்தது. சோதனைத் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் இரு தனிக் குழுக்கள் மறுபடி ஆராய்ந்து, 2013இல் எலும்பு ஒட்டைவிட இந்தப் புரதத்தால் பெரிய நன்மை இல்லை என்ற முடிவுக்கு வந்தன.

அப்படியானால் கொடையிட வலி இட்டுக்கட்டப்பட்டதா? இதற்கு விடை தேடிய ஓர் ஆய்வு அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்து 2011இல் வெளியானது. பின்பக்கக் கீழ்முதுகு இணைப்பு செய்துகொண்ட 112 பேர். அவர்களில் சிலருக்கு, முதுகைத் திறந்த அதே நடுக்கோட்டு வெட்டின் வழியே இடுப்பெலும்பு எடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு எடுக்கப்படவில்லை, புரதம் வைக்கப்பட்டது. யாருக்கு எடுத்தார்கள் என்று அறியாத ஒருவர் எல்லாருடைய இடுப்பு முகட்டையும் அழுத்திப் பார்த்து வலியைக் குறித்தார். இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பே எடுக்காதவர்களும் அதே இடத்தில் வலிக்கிறது என்றனர். கீழ்முதுகு வலி பிட்டத்துக்கும் இடுப்புக்கும் பரவுவது இயல்பு. நோயாளியின் விரல் காட்டும் இடம் ஒன்றுதான். நெதர்லாந்தில் முதுகெலும்பு முறிவு நோயாளிகளிடம் செய்த ஆய்விலும், இணைப்பு இடுப்புக்கு அருகே அமைந்தவர்களே கொடையிட வலியை அதிகம் சொன்னார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதை தெளிவாகிறது. கழுத்துக்கோ காலுக்கோ எடுத்தவர் சொல்லும் இடுப்பு வலி ஐயமின்றிக் கொடையிட வலி. கீழ்முதுகுக்கு எடுத்தவர் சொல்லும் வலியில் எது பழைய முதுகு, எது புதிய காயம் என்று பிரிப்பது கடினம். பழைய கட்டுரைகளில் இந்த இரு வகையினரும் ஒரே கூடையில் போடப்பட்டதால்தான் ஓர் ஆய்வில் வலி மிக அரிதாகவும் மற்றொன்றில் பாதிப்பேருக்கும் வந்தது.

திருப்பூர் வட்டாரத்தில் இன்று

கீழ்க்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் முறிவில் சிகிச்சை படிப்படியாக நடக்கும். முதல் நாளில் காயத்தைக் கழுவிச் செத்த தசையை அகற்றி, வெளியிலிருந்து கம்பி பொருத்துவார்கள். அடுத்த நாட்களில் தசையோ தோலோ வைத்து மூடுவார்கள். எலும்பு ஒட்டு அதற்குப் பிறகு வாரங்களிலோ மாதங்களிலோ வரும். கோவை கங்கா மருத்துவமனையில் உருவாகி 2006இல் வெளியான, உலகெங்கும் பயன்படும் திறந்த முறிவு மதிப்பெண் முறையில், எலும்பு இழப்பு 4 செ.மீ.க்குக் குறைவா அதிகமா என்பது தனித்துக் கணக்கிடப்படுகிறது. இழப்பு பெரிதானால் இடுப்பிலிருந்து எடுக்க வேண்டிய அளவும் பெரிதாகும். ரஷ்யாவின் இலிசாரோவ் 1950களில் உருவாக்கிய வளையச் சட்டம், எலும்பை நாள்தோறும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி இடைவெளியை நிரப்புவதால் ஒட்டின் தேவையைக் குறைக்கிறது. அதற்கு விலை பல மாதச் சட்டச் சுமை. தொடை எலும்பின் உட்குழாயைக் குடைந்து துணுக்குகளைச் சேகரிக்கும் கருவி, இடுப்பைவிடக் குறைந்த வலி தருவதாக ஒப்பீடுகள் சொல்கின்றன. கருவி விலை கூடியது என்பதால் எல்லா ஊர்களுக்கும் வந்துவிடவில்லை. பிறர் எலும்பைப் பதப்படுத்திச் சேமிக்கும் எலும்பு வங்கியை 1940களிலேயே ஹவானாவில் இன்கிளான் விவரித்துவிட்டார். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. அப்படிக் கிடைக்கும் எலும்பு முட்டுக்கொடுக்கும். ஆனால் அதில் உயிருள்ள செல் இல்லை.

விபத்துச் சிகிச்சையில் தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. தொடங்கியபோது உச்சவரம்பு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய். உயிரையும் காலையும் காக்கும் நேரம் அதுதான் என்பதால் திட்டம் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறது. ஒட்டு அறுவை அந்த 48 மணி நேரத்துக்கு வெகு அப்பால் வருகிறது. இடையில் சிலர் புத்தூர் கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு கூடாமல் திரும்புவதும் உண்டு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, கோவைக்குப் போகும் தொலைவைச் சிலருக்குக் குறைத்திருக்கிறது.

பனியன் கம்பெனி வேலையில் கொடையிடம் எங்கே உரசும் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். செக்கிங், அயர்னிங், கட்டிங் மேசைகளில் ஒரு ஷிப்டோ ஒன்றரை ஷிப்டோ நின்றே வேலை. மேசை விளிம்பில் சாய்ந்து நிற்பவருக்கு விளிம்பு முட்டுவது முன்முகட்டின் மேல். ஓவர்லாக் ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கிறார். குனிந்து பண்டலை எடுக்கும்போதும் எழும்போதும் இழுக்கிறது. பீஸ் கணக்கில் கூலி என்றால் மெதுவாக எழுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இதிலிருந்தே கிடைக்கின்றன: முன்முகட்டிலா பின்முகட்டிலா, எந்தப் பக்கம், வெட்டு எவ்வளவு நீளம், நாடா பதியும் கோட்டுக்கு மேலா கீழா. பல மருத்துவர்கள் வெட்டை அந்தக் கோட்டிலிருந்து விலக்கியே வைக்கிறார்கள். முதல் சில வாரம் அகலப் பட்டை உள்ள தளர்ந்த உள்ளாடையோ நாடா இல்லாத நைட்டியோ லுங்கியோ போதும். தொடையின் வெளிப்புறம் மரத்துப்போனால், காய்ச்சலோடு எடுத்த இடம் சிவந்து வீங்கினால், மூன்று மாதம் கழிந்தும் நடை தாங்கலாகவே இருந்தால், அடுத்த முறை காலைக் காட்டப் போகும்போது இடுப்பையும் காட்ட வேண்டும். எக்ஸ்ரே காலுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தாலும்.